மாதாவுக்காக மேடாக்கிய ஒழுங்கை

எங்கள் ஒழுங்கை ஒடுங்கிய சின்னத் தெரு, ரவுண் கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரம். ரவுணில் பழைய கடைகளை இடித்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பினார்கள். நடைபாதைக்குச் சிவப்புக் கல் பதித்தார்கள். அந்தக் கல் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் முடக்கோடு நின்றுவிட்டது. முடக்குக்கு இந்தப் பக்கம், குருநகர்க் கரைவரைக்கும், குண்டும் கிடங்கும் சேறும்தான். "அடுத்தது உங்கடை ஒழுங்கைதான், மழைத்தண்ணி ஓட வாய்க்காலும் கட்டித் தருவம்" என்று நகரசபைக் கந்தோர் ஆட்கள் சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

போன வருடம் பெருநாளுக்கு மாதாவின் சின்னத் தேர்கூட எங்கள் பக்கம் வரவில்லை. சேற்றில் தேர்ச் சில்லுப் புதையும் என்று கல் பதித்த தெருவால் சுற்றிப் போய்விட்டது. அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவரை இருத்தவும் ஏலாது, வெளியே தூக்கிப் போகவும் ஏலாது. கட்டிலோடு ஒரு குட்டை யன்னல், ஒழுங்கையைப் பார்த்தபடி. படுத்தபடியே அதற்குள்ளால் மாதாவின் முகத்தைக் காண்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. அன்று பாட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த வருடம் முன்வீட்டு அண்ணை பொறுக்கவில்லை. "உவங்களைப் பாத்துக்கொண்டிருந்தால் ஒண்டும் நடக்காது. நாங்களே நிரப்புவம். அம்மா மாதாவைக் காணவேணுமெல்லே" என்றார்.

ரவுணில் இடித்த கடைகளின் கல்லும் ஓடும் கொட்ட இடமில்லாமல் கிடந்தன. கேட்டதுதான் தாமதம், டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆண்கள் கடலுக்குப் போகாமல் நின்று கல்லைப் பரவினார்கள். மாதா குலுங்காமல் வரவேண்டும், இன்னும் போடு, இன்னும் போடு என்று போட்டதில் ஒழுங்கை எங்கள் முற்றத்தைவிட முழங்கால் உயரம் ஏறிவிட்டது. மாதா வாறா என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறொன்றும் கண்ணில் படாது.

பெருநாளன்று மாதா வந்தா. யன்னலுக்கு நேரே தேரை நிறுத்தி ஒரு பாட்டும் பாடினார்கள். மெழுகுதிரியோடு வெளியே நின்ற நான் உள்ளே ஓடினேன்.

"கண்டனீங்களோ அம்மா?"

"ஓம் பிள்ளை, வடிவாக் கண்டனான்."

பிறகு கந்தோரிலிருந்து ஒருவர் வந்தார். "இப்ப நல்லாத்தானே கிடக்கு" என்றுவிட்டுப் போனார். கட்டித் தருவதாகச் சொன்ன வாய்க்காலின் கதை அதோடு சரி. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஒரு கோதாரியும் வரவில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

மாரி மழை தொடங்கிய அன்றே ஒழுங்கைத் தண்ணீர் முழுக்க எங்கள் வீட்டுக்குள் இறங்கியது. அம்மாவின் கட்டிலை உயர்த்த முன்வீட்டு அண்ணை வந்தார். அவர் தூக்கிப் பிடிக்க, நான் குனிந்து தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைத்தேன். மற்றக் கால்களுக்குக் கல் எடுக்க அவர் முற்றத்துக்குப் போனார். நான் களைத்துப்போய் அம்மாவின் தலையணையில் தலையைச் சாய்த்தேன். யன்னலுக்கு வெளியே யாரோ போனார்கள். ஒழுங்கை மேடானதில் இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது.

"அம்மா, மாதா வந்த அண்டைக்கு என்னத்தைக் கண்டனீங்கள்?"

"தேர்ச் சில்லு. சனத்தின்ரை காலுகள். உன்ரை நீலச் செருப்பும் தெரிஞ்சது." பிறகு என் கையைப் பிடித்து, "முன்வீட்டுத் தம்பிக்குச் சொல்லிப்போடாதை. பாவம், எவ்வளவு கல்லுச் சுமந்தவன்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணை வாசலில் நின்றார். கையில் இருந்த கல்லை அவர் இறக்கி வைக்கவில்லை.