இடி முழங்காத நாளில் மினுக்கிய மோடம்

மகள் தவழத் தொடங்கிய மாதத்தில்தான் மாத்தளை டவுனில் இருந்த கணினி வகுப்புக்கு மறுபடி வேலைக்குப் போனேன். போர் ஓயாத காலம். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வாசலில் நின்று அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். பாதி வழி போய்த் திரும்பி வந்து, பால் போத்தலைக் கழுவினேனா என்றும் பார்ப்பேன்.

வகுப்பை நடத்தியவர் கறுவா, மிளகு வியாபாரி. எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பதால் எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் போட்டிருந்தோம். இணையத்துக்கு ஒரேயொரு மோடம், முதன்மைக் கணினியில் செருகியிருந்தது. அதோடு வந்த சீடி விண்டோஸுக்கு மட்டுமே உதவும். லினக்ஸில் அதை ஓடவைப்பது என் பொறுப்பு.

அது இரண்டு ட்ரைவர்கள், அதாவது கருவியை இயக்கும் நிரல்கள், சேர்ந்து செய்கிற வேலை. கேர்னல் எனப்படும் உள்மையத்தில் இருக்கும் ட்ரைவர் தகவல்களைச் சுமக்கும். அதற்கு முன்னால், சாதாரண நிரல்போல வெளியே ஓடும் இன்னொரு ட்ரைவர் மோடத்துக்குள் அதன் அடிப்படைக் கட்டளைகளை ஏற்றிவிட வேண்டும். இரண்டையும் தேடியெடுத்துப் பொருத்தியிருந்தேன். காலையில் கணினியைப் போட்டதும் பச்சை விளக்கு நின்று எரியும்.

ஐப்பசி பிறந்து பின்னேர மழை தொடங்கியது. இரத்தோட்டைப் பக்கம் மேகம் கறுத்தாலே எங்கள் ஊரில் டெலிபோன் வயர், டீவி வயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். நானாவும் மோடத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். மழை விட்டதும் செருகினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்; இணையம் வராது. மறுநாள் காலையில் தானாகவே சரியாகிவிடும்.

“இடிச்சூடு ஏறி இருக்கு. ராவைக்கி ஆறினதும் வேல செய்யுது” என்றார் நானா.

பின்னேரம் வருகிற பிள்ளைகள் காசு கட்டிவிட்டுச் சும்மா இருந்து போனார்கள். கடைசியில் கண்டியிலிருந்து ஒருவரை வரச் சொன்னார் நானா. அவர் எல்லாவற்றையும் விண்டோஸாக மாற்றி, இனிமேல் கணினிகளையும் அவரே பார்த்துக்கொள்வாராம். அப்படியானால் நான் எதற்கு? கணவரின் சம்பளம் வாடகைக்கே சரி. மோடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என் பழைய கணினியில் சோதிக்கலாம்தான். ஆனால் வயர் தொங்கும் பெட்டியோடு சோதனைச் சாவடியில் நிற்க எனக்குத் துணிவில்லை. நான் பொருத்தியதில்தான் பிழையோ, பிள்ளை நினைப்பில் எதையாவது விட்டுவிட்டேனோ என்று மனம் அரித்தது.

கண்டிக்காரர் வருவதற்கு முந்தின நாள் மேகம் கறுத்தது. நானா வழக்கம்போல மோடத்தைக் கழற்றினார். ஆனால் காற்று திரும்பி, மேகம் அப்படியே கலைந்தது. மறுபடி செருகினார். விளக்கு மினுக்கியது.

“நானா, இன்னைக்கி இடியே இடிக்கலையே” என்றேன்.

“இடிக்க நெனச்சிருக்கும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றியதுதான் காரணம் என்று அப்போதே பிடிபட்டது. கழற்றினால் மோடம் தன் கட்டளைகளை மறந்துவிடும். அவற்றை ஏற்றும் வெளி ட்ரைவரையோ, கணினி தொடங்கும்போது மட்டும் ஓடும்படி வைத்திருந்தோம். வகுப்பு நடக்கையில் பிள்ளைகளின் வேலையெல்லாம் முதன்மைக் கணினியில் இருப்பதால் அதை யாரும் நிறுத்துவதில்லை. கேர்னல் ட்ரைவர் மட்டும் வந்து, வெறும் மோடத்தின் முன்னால் காத்துக் கிடந்திருக்கிறது.

செருகியதைக் கேர்னல் அறிவித்தவுடனேயே வெளி ட்ரைவர் ஓடும்படி சில வரிகள் எழுதினேன். கழற்றிச் செருகினேன். பச்சை நின்றது. நம்பாமல் திரும்பவும் கழற்றினேன். திரும்பவும் பச்சை. நானாவிடம் சொல்லவில்லை. நிஜ இடியில் பிசகிவிட்டால்?

மறுநாள் கண்டிக்காரர் சீடி உறையோடு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் யன்னல் அதிர இடித்தது. நானா ஓடிப்போய் மோடத்தைக் கழற்றினார். மழை விட்டதும் நான் முந்திக்கொண்டு செருகினேன். மினுக்கியது. பிறகு பச்சை, நின்று எரிந்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை “மிஸ், வந்துருச்சு” என்றாள்.

கண்டிக்காரர் எழுந்து வந்து நான் எழுதிய வரிகளை வாசித்தார். “இத நானும் எடுத்துக்கட்டுமா மிஸ்? கண்டியிலயும் இதே கரைச்சல்தான்” என்று கேட்டார்.

நானா அவருக்குப் பிளேன்டீ வரவழைத்தார். “குடிச்சிட்டுப் போங்க. இங்க தங்கச்சி இருக்கு” என்று என்னைக் காட்டினார்.

அதன்பிறகு புதிதாக யார் சேர வந்தாலும், நானா அவர்கள் முன்னால் மோடத்தைக் கழற்றிச் செருகிக் காட்டுவார். நான் மட்டும் என்ன? அந்தப் பருவம் முழுவதும், இரத்தோட்டைப் பக்கம் மேகம் கறுக்காதா என்று யன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.