ஐந்தாம் எண்ணில் ஒரு புள்ளி

போன வாரம் இரும்புலியூர் பாலத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நின்றபோது பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்தால் திரையெல்லாம் ஈரம். பச்சை வட்டத்தை மேலே தள்ளினேன், நகரவில்லை. பக்கவாட்டில் தேய்த்தேன், அதற்கும் அசையவில்லை. சட்டையில் துடைக்கலாமென்றால் சட்டை போனைவிட நனைந்திருந்தது. கடைசியில் அழைப்பு நின்றுபோய் டார்ச் எரிந்தது. எதை அழுத்தி எரியவைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா சார், போன் மழைக்குப் பயந்துகினு கீதா?" என்றார். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பொத்தான் வைத்த போனுக்கு ஈரக்கையோ எண்ணெய்க்கையோ, அழுத்தினால் போதும். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் என்று தெறிக்கும்; பொறுக்கி மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்யும். இப்போது போன் கை நழுவினால் அது தரையைத் தொடும் முன்பே எனக்கு நெஞ்சடைக்கிறது. அப்போதெல்லாம் சார்ஜ் என்பதே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். இன்று பவர் பேங்க் என்று ஒரு செங்கல்லையும் சேர்த்துச் சுமக்கிறேன். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

வேலைக்குப் போன புதிதில், ரயில் சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். நெரிசலில் ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே பொத்தானைத் தேடி அழுத்திவிடும். போனை வெளியே எடுக்கவே வேண்டாம். நான் தாம்பரத்தில் இறங்கி, படியேறி, கிழக்குப் பக்கம் வருவதற்குள் அப்பா மொபெட்டோடு நிற்பார். சில நாள் மறந்துபோய் எடுத்தும்விடுவார். நிலத் தரகர் இல்லையா, போன் அடித்தால் கை சும்மா இருக்காது. "எடுத்துத் தொலைச்சிட்டேன்டா, காசு போச்சு, வை வை" என்று என்னையே திட்டுவார்.

அந்த அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது. இப்போது சேலையூரில் என் தங்கை வீட்டில் இருக்கிறார். கண் போனாலும் அந்தப் பழைய போனை மட்டும் அவர் விடவில்லை. ஐந்தாம் எண்ணின்மேல் ஒரு சின்னப் புள்ளி புடைத்திருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அப்பா சொல்லும்வரை நான் கவனித்ததில்லை. கட்டைவிரலால் தடவி அதைப் பிடித்துவிட்டால் நேர் மேலே இரண்டு, அதன் பக்கத்தில் மூன்று. இரண்டை விடாமல் அழுத்தினால் எனக்கு வரும், மூன்றை அழுத்தினால் தங்கைக்குப் போகும். அவள் வேலைக்குக் கிளம்பியதும் என்னைக் கூப்பிடுவார். "சும்மாதான்டா. உன் தங்கச்சி இன்னிக்கும் சாம்பார்ல உப்பு போடல. அவகிட்ட சொல்லிடாத." என்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்வார் என்று கேட்டால் அவள் சிரிப்பாளே தவிர, வாயைத் திறக்க மாட்டாள்.

போன வருஷம் அந்த போனின் பேட்டரி உப்பிவிட்டது. "இந்த மாடலுக்கு பேட்டரியே வர்றதில்ல சார்" என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு பொத்தான் போன் வாங்கினேன். எண்களெல்லாம் ஒரே பலகையாக வழவழவென்று இருந்தன. புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை. அப்பா தடவித் தடவி அழுத்தியதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்குப் போனது. பிறகு தங்கை ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். வாயால் சொன்னாலே கூப்பிடுமாம். "கண்ணாடித் துண்டுகிட்ட நான் எதுக்குடா கெஞ்சணும்?" என்று அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டார். பகலில் நான் கூப்பிட்டாலோ, எடுப்பதாக நினைத்துத் துண்டித்துவிடுகிறார். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. போனின் முதுகில் வரிசையாக கேமரா வைக்கத் தெரிந்தவர்களுக்கு, முன்னால் ஒரு புள்ளி வைக்க என்ன கேடு?

இப்போது சாயங்காலம் தங்கை வந்த பிறகுதான் பேச்சு. அவளே என் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "பேசுங்கப்பா" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். பாவம், நல்லதுக்குத்தான் செய்கிறாள்.

"சாப்பாடெல்லாம் எப்படிப்பா?" என்று கேட்கிறேன்.

"எல்லாம் நல்லா இருக்குடா" என்கிறார் அப்பா.