பெனால்டிக்குப் பிறகு என் மகள் கேட்டது

எனக்குக் கால்பந்து என்றால் உயிர். நம் நாட்டுக் குழு ஆடினால், பத்து வயது மகள் தர்ஷினியோடு புந்தோங்கில் எங்கள் வீட்டருகே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவேன். அங்கே பெரிய திரை உண்டு. இருவருக்கும் மஞ்சள் ஜெர்சி.

அன்று கடைசி நிமிடத்தில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் ஆப்பிரிக்காவில் பிறந்து, இங்கே குடியுரிமை வாங்கி ஆடுபவர். போன ஆட்டத்தில் அவர் கோல் போட்டபோது, "நம்ம ஆளுலா!" என்று மேசையைத் தட்டியவள் நான். இந்த முறை பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது.

"பாலேக் லா! பாலேக்!" என்று எழுந்து நின்று கத்தினேன். திரும்பிப் போ என்று மலாய் மொழியில். கடையே சிரித்தது.

தர்ஷினி ஐஸ் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "ம்மா, அவரும் இந்தியாவுக்கா போவணும்?"

"இந்தியாவுக்கா? ஏன்டி?"

"ஸ்கூல்ல நான் பந்தைத் தப்பா அடிச்சா, 'பாலேக் இந்தியா'ன்னுதானே கத்துவாங்க. எல்லாரும் அங்கதான் போவணுமா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். இங்கேயே பிறந்த நாங்கள் இருவரும் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தமிழில் திட்டத் தெரியாதா? அது மட்டும் ஏன் மலாயில் வந்தது? என் பள்ளித் திடலில் அதே வார்த்தையை நானும் கேட்டவள். அதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் என்னிடம் சொன்னதில்லை. இருவரும் மறைத்து வைத்திருந்ததை, நான்தான் நடுக்கடையில் நின்று கத்தியிருக்கிறேன்.