கப்பல்கள் திரும்பிப் போயின

அம்சவேணிக்கு நாற்பது வயதாகும் வரை யாரும் அவளை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைத்ததில்லை. ரங்கூனில் பிறந்தவள்தான், அவள் அப்பாவும் இங்கேயே பிறந்தவர். ஆனாலும் குடியுரிமை அட்டை கேட்டுப் போனால் 'கலா', அதாவது இந்தியாவிலிருந்து வந்தேறியவள் என்று ஏளனமாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். எண்பத்தெட்டுக் கிளர்ச்சி அடங்கிய பிறகு, போட்டாதாங் படித்துறைப் பக்கமிருந்த குடிசைகளைப் பிரித்துப் போட்டு, அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே லைங் தாயா வெட்டவெளியில் இறக்கிவிட்டார்கள். அங்கே அவள் கணவன் சுப்பிரமணியம் ஒரு ஜெனரேட்டரை வைத்து பாட்டரி சார்ஜ் கடை போட்டான். கரண்டு இல்லாத வீடுகளில் விளக்கும் டிவியும் பாட்டரியில்தான் ஓடின. பிழைப்பு நடந்தது.

ஈராக்கில் அமெரிக்கா இறங்கிய வருஷம், வீட்டுக்கு ஒருவர் பாதுகாப்புப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று வார்டில் உத்தரவு போட்டார்கள். சுப்பிரமணியத்துக்கு ஆஸ்துமா. அம்சவேணி போனாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் மரத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடி முடித்ததும் வகுப்பு. ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் பாடம் எடுத்தார். எல்லோருக்கும் அவர் 'சயா', அதாவது வாத்தியார்.

"ஈராக்கிடம் அணுகுண்டு இல்லை, அடித்து நொறுக்கினார்கள். வட கொரியாக்காரன் குண்டு செய்கிறான், அவன் கிட்டே போக ஆள் இல்லை" என்றார் சயா. "நமக்கு அப்படி ஒன்று கிடைக்கும் வரை ஒவ்வொரு தெருவையும் பார்த்து எதிரி பயப்பட வேண்டும். அவன் கடல் வழியாக வருவான். சிப்பாய் உடுப்பில் வரமாட்டான். டாக்டராக வருவான், உதவி செய்கிறேன் என்று வருவான்."

அம்சவேணி அதை அப்படியே நம்பினாள். பச்சை உடுப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்துக்கொண்டாள். சயா அவளை 'மா ஏ ஏ' என்று அவளுடைய பர்மியப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒழுங்காகச் சேவை செய்தால் அட்டைக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொல்லியிருந்தார்.

"குண்டு வந்தா நம்ம தெருவுக்கு கரண்டு வருமா, அம்சா?" என்று சுப்பிரமணியம் சீண்டுவான்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான். அங்க என்னை ஒருத்தரும் கலான்னு கூப்பிடுறதில்ல, தெரியுமா?"



இரண்டாயிரத்து எட்டு மே மாதத்தில் புயல் வந்தது. லைங் தாயாவில் கூரைகள் பறந்தன. தெற்கே டெல்டாவில் ஊர்களே இல்லாமல் போயின. போகலேக்குத் தெற்கே ஒரு வயல் ஊரில்தான் அம்சவேணியின் தங்கை புஷ்பாவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். சுப்பிரமணியம் இழுக்கும் மூச்சோடு படகு தேடிக் கிளம்பினான். அம்சவேணியும் புறப்பட்டாள். வார்டுத் தலைவர் விடவில்லை. கடலில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து நிற்கின்றன, இத்தனை வருஷப் பயிற்சி இந்த நாளுக்காகத்தான் என்றார். டெல்டாவுக்குப் போகும் சாலையில், சோதனைச் சாவடியில் அவளை நிறுத்தினார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவரையும் விடக் கூடாது.

சாவடியில் அவள் நிற்கத் தொடங்கிச் சில நாள் கழித்து, தண்ணீர்க் கேன்களும் அரிசி மூட்டைகளும் ஏற்றிய ஒரு லாரி வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர்கள் தெரு மளிகைக்கடை ரஹ்மத்துல்லா. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு தமிழர்.

"இவர் யார், பாய்?"

"பினாங்கு டாக்டரும்மா. வாந்திபேதிக்கு மருந்து கொண்டாந்திருக்கார். போகலே பக்கம்தான் போறோம். உன் தங்கச்சி ஊரையும் பாத்துட்டு வர்றேன்."

அம்சவேணி அந்த டாக்டரைப் பார்த்தாள். களைத்துப்போன முகம். சயா சொன்னதுதான் அவள் காதில் கேட்டது.

"அவரை இறக்கிவிட்டுட்டு நீங்க போங்க, பாய்."

"டாக்டரில்லாம இந்த மருந்தை யாருக்கு எப்படிக் குடுப்பேன்? நீ கண்டுக்காம இரு தங்கச்சி. நாங்க போயிடுறோம்."

சார்ஜெண்ட் தள்ளி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான், லாரியைக் கவனிக்கவில்லை. அவள் நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். அவள் விசில் ஊதினாள். சார்ஜெண்ட் ஓடி வந்து டாக்டரை ஜீப்பில் ஏற்றினான். லாரியைச் சரக்கோடு திருப்பி அனுப்பினான். "கெட்டிக்காரி" என்று அவள் தோளில் தட்டினான்.

சுப்பிரமணியம் சேறு அப்பிய லுங்கியோடு திரும்பி வந்தான். புஷ்பாவைப் புயல் கொல்லவில்லை. தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பியிருக்கிறாள். பிணம் மிதந்த குளத்துத் தண்ணீரைத்தான் பிறகு குடிக்க வேண்டியிருந்தது. வாந்திபேதியில் போய்விட்டாள். முந்தின நாள்தான் ஆற்றில் விட்டார்களாம்.

"ஒரு டாக்டர், கொஞ்சம் மருந்து இருந்திருந்தா..." என்று தொடங்கினான். வரும் வழியில் ரஹ்மத்துல்லாவைப் பார்த்து, லாரி திரும்பிய கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தான், முடிக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை.

ஜூன் மாதம் கப்பல்கள் போய்விட்டன. மறுபடி மைதானத்தில் எல்லோரையும் கூட்டி சயா பேசினார். "பார்த்தீர்களா? நம்மிடம் குண்டுகூட இல்லை. ஆனாலும் கரையில் கால் வைக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம்." கைதட்டினார்கள்.

அம்சவேணி எழுந்தாள். "சயா, அவங்க தண்ணியும் மருந்தும் கொண்டாந்தாங்கன்னு ரேடியோவுல சொன்னாங்களே. அப்ப நாம யாரை ஜெயிச்சோம்?"

சயா அவள் பக்கம் திரும்பினார். "உட்கார், கலாமா" என்றார்.

மறுநாள் உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அட்டை கடைசி வரை வரவே இல்லை.

மழை விட்ட பிறகு ஒரு நாள் அவள் ரஹ்மத்துல்லாவின் கடைக்குப் போனாள். அவர் கத்துவார், காறித் துப்புவார், துப்பட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். தராசை வைத்துவிட்டு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அழாத தங்கச்சி. டாக்டரை ஒண்ணும் பண்ணல, பிளேன் ஏத்தி அனுப்பிட்டாங்க. நீ தடுக்கலன்னா அந்த இடத்துல வேற ஒருத்தி நின்னு தடுத்திருப்பா."

ஆறுதலாகத்தான் சொன்னார். அம்சவேணி ஸ்டூலில் உட்காரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். அதற்கு அவர் காறித் துப்பியிருந்தாலே தேவலை என்றிருந்தது.