மதினி கையைத் தேடி வந்த கீரி

1. சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்புறம், துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு கீரி வந்து நின்றது. அண்ணன் மனைவி, என் மதினி, அருகில் போயும் அது ஓடவில்லை.
2. மதினி அவித்த முட்டையைப் பிய்த்து நீட்டினாள். கீரி வாங்கிய துண்டு அதன் வாயிலிருந்து நழுவியது.
3. அடுத்த துண்டை நீட்டும்போது விரலில் பல் பட்டு, பொட்டளவு ரத்தம் வந்தது.
4. அம்மா அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினாள்.
5. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன்.

மதினி கரிவலம்வந்தநல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் கைராசிப் பேச்சுதான். அவள் உறை ஊற்றினால் தயிர் கட்டியாகும். அவள் ஒடித்து நட்ட மல்லிகைக் குச்சி துளிர்த்தது. அதே நாளில் நான் நட்ட குச்சி காய்ந்துபோனது. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவேன். அதை யாரும் ராசி என்று சொன்னதில்லை. படிச்ச பிள்ளை என்பார்கள், அவ்வளவுதான்.

கீரியைக் கண்டாலே நல்லதாம். அது மருமகளின் கையைத் தேடி வந்துவிட்டதென்று அம்மா பக்கத்து வீடுவரை சொல்லி முடித்திருந்தாள். எனக்குள் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன்.

நரி பகலில் ஊருக்குள் வந்தாலே சந்தேகப்படலாம். கீரி பகலில் திரிவதுதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆளைக் கண்ட கீரி நிற்காது. இது நின்றது. பின்னங்கால் தள்ளாடியது. தாடை தொங்கி எச்சில் வடிந்தது. முட்டை கீழே அப்படியே கிடந்தது. கீரியால் விழுங்க முடியவில்லை. அம்மா பாசம் என்று நினைத்தது எனக்கு வெறிநோயாகத் தெரிந்தது. வேறு நோயாகவும் இருக்கலாம். பார்த்து முடிவு சொல்ல முடியாது என்பதால்தான் காத்திருக்கக் கூடாது.

கதவைச் சாத்திவிட்டு, மதினி விரலில் அப்பியிருந்த மஞ்சளைப் பார்த்து, உடனே வெறிநோய்க்கு ஊசி போட வேண்டும் என்றேன்.

அம்மாவுக்கு முகம் மாறியது. "ஏட்டி, அவளை நாலு பேரு நல்லதாச் சொன்னா உனக்குப் பொறுக்காது. ஒரு கீறலுக்கா ஆஸ்பத்திரி?"

அதில் பாதி உண்மை. நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடியாது என்பதை மட்டும் மதினியைப் பார்த்துச் சொன்னேன்.

மதினி விரலைப் பார்த்தாள், பிறகு என்னை. "நீ என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்புதவ. நீயே பதறுதன்னா இது வெளையாட்டு இல்ல. வா, போவோம்."

முதலில் குழாயைத் திறந்து, அவள் கையைப் பிடித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் போகச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். அந்தக் கையை அன்றுதான் முதல்முறை தொடுகிறேன். மென்மையான கை. அதற்கும் பொறாமைப்பட்டேன். காயத்தைக் கட்டவில்லை. கீரியை அடிக்கவோ விரட்டவோ வேண்டாம், பின்பக்கம் யாரும் போகவும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மதினியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஊசியால் ஏற்றி, தோளில் தடுப்பூசியும் போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள்கூட அவளுக்கு வழி விட்டார்கள். எனக்கு யாரும் விட்டதில்லை.

மறுநாள் காலையில் கீரி துவைகல்லடியில் செத்துக் கிடந்தது. யாரையும் தொட விடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொன்னேன். கையுறை போட்டு வந்து பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

முடிவு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் டாக்டர் சொல்லாமல் ஊசியை நிறுத்தக் கூடாது. மதினிக்குக் கடைசி ஊசி பாக்கி இருக்கிறது. நன்றாக இருக்கிறாள். நான் அன்று நேரத்தோடு வீட்டுக்கு வந்ததே மருமகளின் ராசி என்று அம்மா இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள்.