எட்டுக் கதவும் ஒரு மணியும்

வயர்மேனுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது. கை போனது, கால் போனது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. போகாதது காது ஒன்றுதான். அது முன்னைவிடக் கூர்மையாகித் தொலைத்தது. சமையற்கட்டில் ஒரு கரண்டி விழுந்தால் கட்டிலில் துள்ளுவார். சத்தம் தாங்காமல் இடக்கையால் ஒரு காதைப் பொத்துவார். இன்னொரு காதைப் பொத்துவதற்குக் கை இல்லை.

அவர் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடத்துச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொடுப்பாள். கம்பெனிக்காரன் நம்பிக் கொடுத்த மோட்டார் மிஷின் அது. ஓட ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் பல்லைக் கடிக்கும். வீடோ ஓர் அறையும் சமையற்கட்டும். அவள் மிதித்தால் அவருக்குத் தலை வெடிக்கும், மிதிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் வயிறு காயும். "சத்தம் இல்லாத இடத்துல வைங்கம்மா" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதையும் மருந்துச் சீட்டில் எழுதியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

மூன்று மாதம், அவர் கண் அசந்த நேரமாகப் பார்த்துத் திருட்டுத்தனமாகத் தைத்தாள். கம்பெனி சூப்பர்வைசர் ஒருநாள் வந்தார். மிஷின்மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"தூசி படிஞ்சிருக்கேம்மா. ஓடாத மிஷினை வச்சிக்கிட்டு என்ன பண்றீங்க? கேட்டு நாலு பேர் நிக்கறாங்க."

"ஓட்டறேன் சார்."

"ஓட்டினாத்தானே ஓடும். ஒரு மாசம் பாக்கறேன்."

அவர் போன பிறகு அவள் கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். ஓர் எலுமிச்சை மரம், துணிக்கொடி, கடைசியில் மதில். மதில் ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டால் மிஷினும் ஓடும், மனுஷனும் படுத்திருப்பான். போடுவதற்குக் கையில்தான் ஒன்றும் இல்லை.

அவளுடைய கொழுந்தன் கட்டடம் இடிக்கிற இடத்தில் கூலி. கட்டத் தெரியாது, இடிக்க நன்றாகத் தெரியும். அவன்தான் யோசனை சொன்னான்.

"பலகை வாங்கினா கட்டுப்படியாகாது அண்ணி. கதவா வாங்கிடலாம். பழைய லாட்ஜ் ஒண்ணை இடிக்கிறோம். கதவெல்லாம் விறகு விலைக்குப் போகுது. எட்டு எடுத்து வைக்கவா?"

"நாலு சுவருக்கு எட்டுக் கதவா?"

"பக்கத்துக்கு ரெண்டு. ஜோரா இருக்கும்."

எட்டும் வண்டியில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் பித்தளையில் அறை எண் இருந்தது, நாலில் ஆரம்பித்துப் பதினொன்று வரைக்கும். கொழுந்தன் பழைய பெயிண்ட் டப்பாக்களில் சிமென்ட் கலவையைக் கொட்டி, அதில் துருப்பிடித்த குழாய்களை நட்டான். குழாய்களோடு கதவுகளைச் சேர்த்து அறைந்தான். மேலே தகரம், கீழே உடைந்த ஓடு. வேலை மும்முரத்தில், நடுவில் நின்றுகொண்டே எட்டுக் கதவையும் ஆணி அடித்து முடித்துவிட்டான்.

பக்கத்து வீட்டு லாரிக்காரர் மனைவி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "அக்கா, கொட்டகை நல்லா வந்திருக்கு. ஆனா உங்க கொழுந்தன் உள்ள இருக்காரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணி, ஏழாம் நம்பரை வெளியிலேருந்து கொஞ்சம் நெம்புங்க."

"இடிக்கிறவன்தானே, இடிச்சிட்டு வா."

அவளும் அன்றைக்குச் சிரித்தாள். ஏழாம் நம்பர் மட்டும் திறக்கிற கதவானது. மற்ற ஏழும் சுவர்.

ராத்திரி சாப்பாடு ஊட்டும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கொட்டகைக்கும் கட்டிலுக்கும் நாற்பது அடி. இவரால் கத்த முடியாது. மூச்சைக் கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கே பாதிதான் கேட்கும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன கேட்கும்?

"நான் அங்க போயிட்டா உங்களுக்கு ஒண்ணு வேணும்னா எப்படிங்க?"

அவர் இடக்கையால் கட்டிலுக்கு அடியில் காட்டினார். "சாக்கு."

முப்பது வருஷச் சாக்கு அது. வேலைக்குப் போன வீடுகளில் மிச்சமான வயர்த் துண்டு ஒன்றைக்கூட அவர் எறிந்ததில்லை. முழம், சாண், விரற்கடை எல்லாம் அதற்குள் கிடந்தன. "செத்த பாம்பை மூட்டை கட்டி வச்சிருக்கீங்க" என்று அவள் சண்டை போடாத மாதம் கிடையாது. இப்போது அந்தச் செத்த பாம்பெல்லாம் கட்டிலில் ஏறிக்கொண்டது.

கொட்டகை மிஷினுக்குக் கரண்டு, கூடவே கட்டிலில் பொத்தானை அமுக்கினால் அங்கே அடிக்கிற ஒரு மணி. அதற்காக நாலு நாள் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து வயர்களைக் கோத்தார். ஒரு முனையை நல்ல காலின் விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு, தோலைப் பல்லால் உரித்து, இடக்கையால் முறுக்கினார். டேப்பையும் பல்லால்தான் கிழித்தார். எச்சில் ஒழுகியது, துடைக்கவில்லை. முறுக்கிய ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டுவார். "இழு." அவள் இழுப்பாள். நிற்கும். அந்தக் கோணல் வாயில் ஒரு பாதி மட்டும் சிரிக்கும். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பில்தான் அவள் ஏமாந்தாள்.

கொழுந்தன் கையில் வயரை வைத்துக்கொண்டு சமையற்கட்டில் வந்து ரகசியமாகக் கேட்டான். "அண்ணி, எண்ணிப் பாத்தேன், பத்தொன்பது முடிச்சு இருக்கு. நூலு மாதிரி ஒண்ணு, கயிறு மாதிரி ஒண்ணு. அப்புறம், மிஷினுக்கும் மணிக்கும் கரண்டு திரும்பி வர்ற வயர் ஒண்ணுதான் விட்டிருக்கு. மணிக்குத் தனியா வேணாமா? புது வயர் ஒரு சுருள் வாங்கிடலாமே."

"உங்கண்ணனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? அவர் சொல்லிக் கொடுத்ததுதான். வயர்ல முடிச்சு விழுந்தா வீட்டுல சனியன் விழுந்த மாதிரின்னு என்னைத் தலையில குட்டியிருக்காரு."

"வாயை மூடிக்கிட்டு இழு."

ஊரார் வீட்டுக்கெல்லாம் முடிச்சில்லாத வயர் இழுத்த கை, சொந்த வீட்டுக்குப் பத்தொன்பது முடிச்சு போட்டது. சாக்கு தீர்ந்துபோனதால் மணிக்குத் தனி வயர் இல்லை. "ஒண்ணு போதும்" என்று அவரே சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கையால் ஆகாதபோது, தெரிந்ததை எல்லாம் மனசு ஒரு மூலையில் தள்ளி மூடி வைத்துவிடுகிறது.

மணியைச் சோதித்துப் பார்த்தார்கள். அவள் கொட்டகையில் நின்றாள். அவர் கட்டிலில் பொத்தானை அமுக்கினார். டிங் டாங் என்று அருமையாகக் கேட்டது. மிஷினை ஓட்டிக்கொண்டு யாரும் சோதிக்கவில்லை.

முதல் மாதம் அவர் எடுத்ததற்கெல்லாம் அடித்தார். தண்ணீருக்கு ஒரு தடவை, தலையணை நகர்ந்ததற்கு ஒரு தடவை, அடிக்கிறதா என்று பார்ப்பதற்கு நாலு தடவை. அவள் காலர் காலராக நிறுத்தி நிறுத்தித் தைத்ததால் ஏதோ ஓர் இடைவெளியில் அது காதில் விழுந்துவிடும். எலுமிச்சை முள்ளில் புடவை மாட்டிக் கிழிய ஓடுவாள்.

"லாட்ஜுல கவனிப்பு பலமா இருக்கேக்கா. ரூம் காலியிருந்தா சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன்" என்பாள் லாரிக்காரர் மனைவி.

"வாடகை கொடுக்கறவனா இருந்தா அனுப்பு."

அப்புறம் மழை பிடித்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. டேப் சுற்றிய முடிச்சுகளில் ஈரம் இறங்கியது. மழை விட்ட அன்று சூப்பர்வைசர் ஒரு மூட்டைக் காலரைக் கொண்டுவந்து இறக்கினார். சாயங்காலமே வேண்டுமாம்.

காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, பொத்தானைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். உட்கார்ந்தவள் காலை எடுக்கவில்லை. ஒன்று முடியும் முன்னே அடுத்ததைச் சொருகினாள். மணி அடிக்கவே இல்லை. 'இன்னிக்கு என்னமோ தொந்தரவு பண்ணாம தூங்கறார்' என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா, சந்தோஷமும் பட்டாள். ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

மதியம், மிஷினை நிறுத்திய கையோடு சோறு வடிக்க ஓடி வந்தாள். அவர் தரையில் கிடந்தார். ஒரு கால் மட்டும் கட்டிலிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. மூத்திரம் அவரைச் சுற்றி ஓடி, வாசற்படி வரைக்கும் போய்க் காய்ந்திருந்தது. கன்னத்து எச்சிலில் எறும்பு ஊர்ந்தது. இடக்கை பொத்தானை விடவில்லை. கட்டைவிரல் அதன்மேல் அழுந்தி அழுந்தி வெளுத்துப்போய், அப்போதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் மிஷின் நின்றுவிட்டதால் இப்போது மணி அங்கே யாருமில்லாத இடத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப விழுந்தீங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவர் விரலைப் பொத்தானிலிருந்து மெதுவாகப் பிரித்தாள்.

"கரண்டு போயிடுச்சுங்க. காலையிலேருந்தே இல்ல. அதான் மணி அடிக்கல."

அவர் மேலே பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். முப்பது வருஷ வயர்மேனிடம் சொல்வதற்கு வேறு பொய்யே கிடைக்கவில்லை அவளுக்கு.

அவளால் தூக்க முடியவில்லை. லாரிக்காரர் மனைவி மதிலேறிக் குதித்து வந்தாள். இரண்டு பேரும் தூக்கிப் படுக்க வைத்து, கழுவித் துடைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டதும், பக்கத்து வீட்டுக்காரியை மிஷின் ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டுத் தையல்காரி பொத்தானை அமுக்கிப் பார்த்தாள்.

திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினாள். "நிறுத்தினா அடிக்குதுக்கா. ஓட்டினா நாக்கைக் கடிச்சவன் மாதிரி முனகுது, அவ்வளவுதான். மிஷினே எல்லாத்தையும் உறிஞ்சிடுது. அந்த வயரைத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு இழுங்க."

"இவருகிட்ட யாரு சொல்றது?"

"சொல்லாம இழுங்களேன்."

"இவரு தலைமாட்டு ஜன்னல் வழியாத்தான்டி அது போகுது."

லாரிக்காரர் மனைவி ஜன்னலை எட்டிப் பார்த்தாள். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவரின் காது மட்டும் மூடியிருக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். "தம்பி வந்தான்னா, மழைக்கு அந்த வயரைக் கொஞ்சம் பாக்கச் சொல்லவாங்க?" அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை. பொத்தானை அவள் அவர் கையில் வைத்தபோது விரலை மடக்கவில்லை, அது நழுவிக் கீழே தொங்கியது. இரண்டு நாள் தொங்கியது. அவள் காலரைத் தைப்பாளா, உள்ளே ஓடுவாளா? பத்துக் காலருக்கு ஒரு தடவை ஓடினாள். சாயங்காலக் கணக்கில் காலர் பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, எடை போடுகிறவர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாம் நாள் அவர் கூரையைக் காட்டி, "லைட்டு" என்றார். கட்டிலுக்கு மேலே ஒரு பழைய குண்டு பல்பு தொங்கியது.

"பட்டப்பகல்ல எதுக்குங்க லைட்டு?"

"போடு."

போட்டாள். பொத்தானைத் தானாகவே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஓர் அதிசயம் நடந்தது. அவள் மிஷினிலிருந்து காலை எடுத்தால் உடனே மணி அடிக்கும். எடுக்காவிட்டால் அடிக்காது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல அத்தனை கச்சிதம். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கேட்டாள்.

"நான் நிறுத்தறது உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

மோவாயால் பல்பைக் காட்டினார். வீட்டுக்கு வருகிற லைனே நோஞ்சான். அவள் மிதித்தால் பல்பு மங்கும், காலை எடுத்தால் தெளியும். தெளிகிற நேரமாகப் பார்த்து அவர் அமுக்குகிறார். பத்தொன்பது முடிச்சையும் அப்படியே விட்டுவிட்டு அதற்குத் தக்கபடி தன் மூத்திரத்தை அடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"மங்கலா இருக்கும்போது தாங்கலைன்னா?"

அதற்கு விரிப்பு சில நாள் பதில் சொன்னது. அவள் அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். லாரிக்காரர் மனைவி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். லாட்ஜைப் பற்றி இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை.

மிஷின் இன்னும் கம்பெனிக்குப் போகவில்லை. போகும் போகும் என்று சூப்பர்வைசர் வாரம் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகிறார். அவள் ஐந்து காலர் தைப்பாள், காலை எடுப்பாள். ஏழாம் நம்பர் கதவைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவாள். மணி அடித்தால் எழுந்து ஓடுவாள். அடிக்காவிட்டால், அவருக்கு ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தம். அல்லது பல்பு போயிருக்கலாம். முடிச்சு ஏதாவது விட்டிருக்கலாம். கட்டைவிரல் பொத்தானைத் தேடிக்கொண்டு தரையில் கிடக்கலாம்.

இன்றைக்கும் பத்து எண்ணி முடித்தாள். மணி அடிக்கவில்லை. காலரைப் பாதித் தையலில் விட்டுவிட்டு, மணி அடித்தால் ஓடுவதைவிட வேகமாக ஓடினாள்.