மூக்கு தூக்கும் வண்டி

ஜெகன் முன் டயருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். தரையைத் தொடும் இடத்தில் டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்க்கிறான். எழுந்து பின்னால் போய் அங்கேயும் அதே மாதிரி உட்காருகிறான். சுற்றுலா கிளம்பும் குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று பார்க்கிறது. "அணியம் லேசா இருக்குங்க. அரிசி மூட்டைய முன்னாடி கொண்டாங்க" என்கிறான். அணியம் என்றால் படகின் முன்பக்கம். வேனுக்கு ஏதப்பா அணியம் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

பூம்புகாரில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஏழு வருடமாக மயிலாடுதுறையில் கேரவன் ஓட்டுகிறான். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அவனுடையதைவிட இரண்டு வருடம் புதியது, ஏசியும் நன்றாகக் குளிரும். ஆனாலும் என்னைக் கூப்பிடுகிறவர்கள், "ஜெகன் வண்டி கெடைக்கலீங்க, அதான்…" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைப்பானேன்?

எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். பையில் ஒரு சாக்பீஸ். எந்தப் பெட்டி எங்கே என்று வண்டியின் தரையில் கோடு போட்டுவிடுவான். "கனமானதெல்லாம் கீழ, நடுவுல. மேல பாயும் தலகாணியும் மட்டுந்தாங்க." இடதும் வலதும் சமமாக இருக்க வேண்டுமென்று ஆட்களையும் இடம் மாற்றி உட்கார வைப்பான். "அக்கா, நீங்க எத்தன கிலோ?" என்று கூசாமல் கேட்பான். அவர்களும் உண்மையைச் சொல்வார்கள். என் மனைவி பூமிகா பதினாறு வருடமாக என்னிடம் சொல்லாத எடையை அவனிடம் ஒரே மூச்சில் சொன்னாள்.

முதல் சவாரியில் அவன் செய்த தப்பை ஊருக்கே சொல்லியிருக்கிறான். அலையைத் தாண்டப் படகின் முன்பக்கம் லேசாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கத்தில் வேனுக்கும் சாமான் முழுவதையும் பின்னால் ஏற்றிவிட்டான். கொள்ளிடம் பாலத்தில் எதிரே ஒரு லாரி கடந்த காற்றில் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. "கடல்ல மூக்கு தூக்குனா பொழச்சோம். ரோட்டுல மூக்கு தூக்குனா போய்ச் சேர்ந்தோம்" என்று சொல்லிச் சிரிப்பான். நான் என் தப்பைச் சொன்னால் வேறு வண்டி தேடுவார்கள். இவன் சொன்னால் இவனையே தேடுகிறார்கள்.

போன மாதம் செல்லதுரை சார் குடும்பம் ஐந்து பேர், கொடைக்கானலுக்கு என் வண்டியைப் பேசினார்கள். ஜெகன் வண்டி அன்று மதியம் வேறு ஊருக்குப் போவதாக இருந்தது, அதனால்தான். போகட்டும், இந்த சீசனில் எனக்கு அதுதான் முதல் சவாரி. அசத்திவிட வேண்டும் என்று பின் கட்டிலுக்கு அடியில் இன்னொரு தண்ணீர்த் தொட்டி வைத்தேன். நூறு லிட்டர். ஜெகன் வண்டியில் அது கிடையாது. கிளம்பும் அன்று காலையில் செல்லதுரை சார், "ஒண்ணும் நெனைக்காதீங்க, ஜெகன ஒரு பார்வ பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். என் வண்டிக்கு அவன் பரீட்சை வைக்கப் போகிறானாம். தொட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் சவாரி போயிற்று.

அரிசி ஆலைக்குப் பக்கத்தில் நெல் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னான். சார் குடும்பம் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனது. முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, முழு வண்டியையும் ஏற்றி ஒருமுறை நிறுத்தான். எடைச் சீட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தான்.

"அண்ணே, பின்னாடி என்ன இருக்கு?"

"பெட்டிதான்."

"பெட்டி இவ்ளோ கனக்காதுண்ணே."

நான் வானத்தைப் பார்த்தேன். அவன் பின்பக்கத் தகட்டில் கையை வைத்து வண்டியை லேசாக ஆட்டினான். உள்ளே சளக்கென்றது.

"தண்ணியா? அதுவும் தொட்டி ரொம்பாத தண்ணி. வளைவுக்கு வளைவு ஆடும்ண்ணே. மலையேத்தத்துல பின் பாரம் கீழ இழுத்தா முன் சக்கரம் சொன்ன பேச்சு கேக்காது. அஞ்சு பேரு ஏறுறாங்க." குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். வளைவில் வண்டி நழுவுவது ஒரு கணம் என் கண்ணில் தெரிந்தது.

அடியில் படுத்து, குழாயை அவனே திறந்துவிட்டான். தொட்டித் தண்ணீர் முழுவதும் மேடையை நனைத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனது. பிறகு பின்கதவோரம் கிடந்த அரிசி மூட்டையைத் தூக்கி என் இருக்கைக்குப் பின்னால், தரையோடு வைத்தான். மறுபடியும் நிறுத்தான். தலையாட்டினான்.

அதற்குள் டீ குடித்தவர்கள் வந்துவிட்டார்கள்.

"என்ன ஜெகன், கீழ ஒரே தண்ணி? வண்டியில எதுவும் கோளாறா?" என்றார் செல்லதுரை சார்.

இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஜில்லாவில் என் வண்டியில் ஒருவரும் ஏற மாட்டார்கள்.

"கோளாறு ஒண்ணுமில்லீங்க சார். மூட்டையத்தான் எடம் மாத்துனோம். அண்ணன் நல்லா ஓட்டுவாரு, பயப்படாம போய்ட்டு வாங்க."

நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான். சார் ஏறும்வரை, முழங்கை வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்த சட்டைக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.